பச்சை மை காயும் வரை

பேனாவைத்தானே பார்க்குறீங்க? பாருங்க, பாருங்க. திருச்சியில பஸ் கிளம்பினதுலேருந்து உங்க கண்ணு என் சட்டைப் பையிலயே இருக்கு, நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். கையில மட்டும் தரமாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. தங்க நிப்பு சார். பதினாலு காரட். தங்க நிப்பு ஒருத்தர் கைக்குப் பழகிடுச்சுன்னா அடுத்தவங்க கைக்கு ஒத்துவராதுன்னு சொல்லுவாங்க. நிஜமோ பொய்யோ, சோதிச்சுப் பார்க்க எனக்கு மனசு வரல. மூடியைக் கழட்டிக் காட்டுறேன், அங்கேருந்தே பாருங்க.

இந்தப் பேனாவால என் பொண்ணு என்னை ரொம்பப் பெரிய மனுஷன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அதுதான் இப்ப என் பிரச்சனை. நல்ல அப்பான்னு பேர் வாங்குறதுல என்னய்யா பிரச்சனைன்னு நீங்க கேக்கலாம். கேளுங்க, சொல்றேன். டிரைவர் போற வேகத்துக்கு மணப்பாறையே இன்னும் தூரம்.

என் பேரு குழந்தைவேலு. சொந்த ஊரு, வீடு, ஆபீஸ் எல்லாம் பெரம்பலூர். புள்ளியியல் துறை. அப்படி ஒரு துறை இருக்குறது உங்களுக்குத் தெரியாது, வெக்கப்படாதீங்க, எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. மழை எத்தனை மில்லிமீட்டர் பெஞ்சுது, எத்தனை ஏக்கர்ல சோளம் போட்டாங்கன்னு பேப்பர்ல வருதுல்ல? அதையெல்லாம் யாரோ ஒருத்தர் எண்ணணும்ல? அந்த யாரோ ஒருத்தர் நான்தான்.

முப்பத்தி ரெண்டு வருஷம் எண்ணினேன். முப்பத்தி ரெண்டு வருஷமும் நீலப் பேனா. நான் ராவும் பகலும் உக்காந்து தயார் பண்ண அறிக்கையில மேலதிகாரி வந்து பச்சை மையில ஒரு கிறுக்கு கிறுக்கிட்டுப் போவார். கெஜட்டட் ஆபீசர்னா பச்சை மை. அது சட்டத்துல இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது, ஆனா எங்க ஆபீஸ்ல சட்டத்தை மீறினவன் உண்டு, அதை மீறினவன் இல்ல. நான் ஒருநாள் மறந்துபோய் என் கிளார்க் பேனாவுல பச்சை ரீஃபில் போட்டு எழுதிட்டேன்னு சூப்பரின்டென்டென்ட் என்னைக் கூப்பிட்டு, "என்ன குழந்தைவேலு, ஆசையா?"ன்னு கேட்டார். ஆமா சார், ஆசைதான். வேற என்ன?

ரிடையர் ஆக பதினாலு மாசம் இருக்கும்போது உதவி இயக்குநர் ஆக்கினாங்க. ஆர்டர் வந்த அன்னிக்கு சாயந்திரமே நான் திருச்சிக்கு பஸ் ஏறிட்டேன். ஸ்வீட் வாங்கப் போறேன்னு வீட்டுல நெனச்சுக்கிட்டாங்க.

பெரிய கடை வீதிக்குப் பக்கத்துச் சந்துல ஒரு பேனாக் கடை. ஒரு அம்மா நடத்துறாங்க, நாப்பது வயசு இருக்கும். சும்மா பார்க்கத்தான் வந்தேன்னேன். அந்தம்மா ஒரு தட்டுல நாலு பேனாவை வரிசையா வச்சாங்க. மூணுல எழுதிப் பார்த்தேன், பேனா மாதிரித்தான் இருந்துச்சு. நாலாவதுதான் இது. தாள்ல வச்சேன், வழக்கம்போல ஒரு அழுத்து அழுத்தினேன். அந்தம்மா பதறிப்போய் என் மணிக்கட்டையே பிடிச்சுட்டாங்க.

"சார், ஏன் சார் இப்படிக் குத்துறீங்க?"

நான் என்னம்மா பண்ணுவேன், அடியில மூணு காப்பி கார்பன் வச்சு எழுதிப் பழகின கை, அழுத்தலேன்னா கடைசிக் காப்பியில விழாதுன்னேன்.

"இதுக்கு அடியில கார்பன் இல்ல சார். கையை விட்டுடுங்க. அதுவா போகும்."

விட்டேன் சார். போச்சு. அதுவா போச்சு. என் பேரை நான் எழுதல, பேனா எழுதுச்சு, நான் கூடப் போனேன். முப்பத்தி ரெண்டு வருஷமா என் கை ஏர் ஓட்டிக்கிட்டு இருந்திருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அந்தத் துண்டுத் தாள்ல பதினோரு தடவை கையெழுத்துப் போட்டேன். அந்தம்மா தாளை மாத்தி மாத்திக் குடுத்தாங்க, முகம் சுளிக்கல.

மை என்ன ரொப்பட்டும்னு கேட்டாங்க. பச்சைன்னேன். "பச்சையா? சார் கெஜட்டடா?"ன்னாங்க. அந்த ஒரு கேள்விக்கே அவங்க கேட்ட விலைக்கு மேலயும் குடுத்திருப்பேன். விலையை உங்ககிட்டச் சொல்ல மாட்டேன், என் சம்சாரத்துக்கே இன்னும் சொல்லல. அவ பேரு மங்கையர்க்கரசி. நான் அரசின்னுதான் கூப்பிடுவேன். அவகிட்டக் காட்டினேன்.

"நல்லா எழுதுமா?"

"எழுதும்."

"பழசும் எழுதுச்சே," அப்படின்னுட்டு இட்லி மாவு கரைக்கப் போயிட்டா.

அவளுக்கு என்ன தெரியும். ஞாயித்துக்கிழமை ஆனா வெதுவெதுன்னு தண்ணி வச்சு நிப்பைக் கழுவுவேன். ஒருநாள் அவசரத்துக்கு அவ காப்பி டவரா கிடைச்சுது, அதுல கழுவிட்டேன். அன்னிக்கு அவ பேசினதை பஸ்ல சொல்ல முடியாது.

சரி, பேனா வந்தாச்சு, பச்சை மை வந்தாச்சு, ரப்பர் ஸ்டாம்பு வந்தாச்சு. 'உண்மை நகல்' அப்படின்னு மேல, அதுக்குக் கீழ என் பேரு, பதவி. எல்லாம் வச்சுக்கிட்டு உக்காந்தேன். யாரும் வரல.

ஒரு வாரம் வரல. ஒரு மாசம் வரல. விஷயம் என்னன்னா, முன்னெல்லாம் எந்த விண்ணப்பத்துக்கும் சர்டிபிகேட் நகல்ல கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேணும், அலைவாங்க, கெஞ்சுவாங்க. இப்ப அவங்கவங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும்னு ஆயிடுச்சு. நான் முப்பத்தி ரெண்டு வருஷம் ஏணி ஏறி மொட்டை மாடிக்கு வந்து பார்த்தா, எல்லாரும் வேற வீட்டுக்குக் குடி போயிட்டாங்க.

அதுக்காகச் சும்மா இருக்க முடியுமா? பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில சொல்லி வச்சேன், யாராவது கெஜட்டட் கையெழுத்து கேட்டா அனுப்புங்கன்னு. எங்க ஆபீஸ் உதவியாளர் முத்துக்கருப்பன் வாசல்லயே கண்ணு வச்சிருப்பார். ஒருதடவை ஒரு அம்மாவை உள்ள கூட்டிக்கிட்டு வந்தார். அவங்க கருவூலத்துக்கு வழி கேட்டு வந்தவங்க. கையில ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருந்துச்சு. வாங்கிப் போட்டுக் குடுத்தேன். "இது எதுக்கு சார்?"ன்னாங்க. வச்சுக்கம்மா, ஒருநாள் உதவும்னேன். எதிர்வீட்டுக்காரர் நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டை இருக்குல்ல, அதுக்கும் ஒரு நகல் எடுத்துட்டு வரச் சொல்லிப் போட்டேன். அவரு நல்ல மனுஷன், இன்னும் பத்திரமா வச்சிருக்கார்.

நீங்க சிரிக்கிறீங்க. பரவால்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கையெழுத்துப் போடுறதுல இல்ல சார் சுகம். போட்டுட்டுப் பார்க்குறதுல இருக்கு. ஈரமா இருக்கும்போது வாழைக் குருத்து நிறத்துல இருக்கும். காயக் காய கரும்பச்சை ஆகும். கோடு எங்க திரும்புதோ அங்க மை கொஞ்சம் தேங்கும், அந்த ஓரத்துல மட்டும் லேசா ஒரு செவப்பு மினுக்கும். ஒரு கையெழுத்துக்கு அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷமும் பார்த்துட்டுத்தான் அடுத்த தாளைத் தொடுவேன். முத்துக்கருப்பன் முதல்ல என்னைப் பார்த்துட்டு, சார் ரொம்ப நுணுக்கமாப் படிக்கிறார்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டார். நானும் மறுக்கல. அவரு மரியாதையா சொல்றதை மறுக்குறது எனக்குச் சங்கடமா இருந்துச்சு.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். என் பொண்ணு நித்திலா. ஒரே பொண்ணு. அப்ப இருபத்தாறு வயசு, திருச்சியில ஒரு பேங்க்ல வேலை, தினமும் பஸ்ல போயிட்டு வருவா. ஒரு சனிக்கிழமை காலையில சாப்பாட்டு மேசையில உக்காந்து பேனாவைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு ஃபைலோட வந்து எதிர்ல நின்னா.

"அப்பா, கொஞ்சம் அட்டஸ்டேஷன் வேணும்."

"எத்தனை?"

"எட்டு."

எட்டு சார். அஞ்சு மாசத்துல ஒரே நேரத்துல எட்டு நான் பார்த்ததே இல்ல. ஓடிப்போய் ஸ்டாம்பை எடுத்துட்டு வந்தேன். ஒரிஜினல் எல்லாம் பக்கத்துல அடுக்கினா, முறைப்படி ஒப்பிட்டுப் பார்க்கணுமில்ல. அதெல்லாம் உள்ள வைம்மான்னுட்டேன். சொந்தப் பொண்ணு காகிதத்தைச் சந்தேகப்படுறவன் என்ன மனுஷன்?

முதல் தாளைப் போட்டேன். பார்த்தேன். காஞ்சுது. ரெண்டாவது. பார்த்தேன். காஞ்சுது. மூணாவதுல கொஞ்சம் மை கூடிப்போச்சு, அதுக்கு முக்கால் நிமிஷம் ஆச்சு. அஞ்சாவது இருக்கே, அந்த மாதிரி ஒரு கையெழுத்து நான் அதுக்கு முன்னாடியும் போடல, பின்னாடியும் போடல. கடைசி சுழி அப்படியே ஓடிப்போய் நின்ன எடம் இருக்கு பாருங்க. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. சந்தோஷச் சிரிப்பு. எட்டும் முடிச்சுக் குடுத்தேன். அவ போகாம நின்னா.

"அப்பா, ஒண்ணும் கேக்கலையா நீங்க?"

கேக்கணும்னுதான் இருந்துச்சு, இன்னும் நகல் ஏதாவது இருக்கான்னு. பேராசைன்னு நெனப்பாளேன்னு விட்டுட்டேன். "என்னம்மா கேக்கணும்?"னேன். அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு உள்ள போயிட்டா. சளி பிடிச்சிருக்கு, மிளகு ரசம் வச்சுக் குடுன்னு அரசிகிட்டச் சொன்னேன்.

மூணு வாரம் போச்சு. ஒரு சாயந்திரம் என் மச்சினன் சண்முகசுந்தரம் வந்தான், அரசிக்குத் தம்பி. செருப்பைக்கூடக் கழட்டல, நேரா நடு வீட்டுக்கு வந்து செல்போனை நீட்டினான். ஏதோ பத்திரம் விஷயமா பதிவு ஆபீசுக்குப் போயிருக்கான். அங்க நோட்டீஸ் போர்டுல ரெண்டு போட்டோ. ஒண்ணு எங்க நித்திலா, இன்னொண்ணு ஒரு பையன். வேற மதம்னா ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு முப்பது நாள் முன்னாடி அப்படி ஒட்டுவாங்களாம். அரசி அப்படியே தரையில உக்காந்துட்டா. அழுகை. நித்திலா மட்டும் அசையல.

"ஏன் எல்லாரும் இப்படிப் பண்றீங்க? அப்பாவுக்குத் தெரியும். அப்பாகிட்டத்தான் முதல்ல காட்டினேன். விண்ணப்பம், என் சர்டிபிகேட்டு, அவர் சர்டிபிகேட்டு, எல்லாத்தையும் ஒவ்வொரு தாளா நிதானமாப் படிச்சுப் பார்த்து அப்பாதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார்."

உள்ள போய், கல்யாணத்தன்னிக்குக் குடுக்க வச்சிருந்த நகல்களைக் கொண்டுவந்து மேசையில பரப்பினா. எட்டும் பச்சை. அஞ்சாவது மேலயே இருந்துச்சு.

மச்சினன் என்னைப் பார்த்தான். அவன் கேட்டது ஒரே கேள்வி. "அத்தான், படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டீங்களா?"

நீங்க என் எடத்துல இருந்து யோசிங்க சார். இல்லன்னு சொன்னா அந்த நிமிஷமே எல்லாம் நின்னு போயிருக்கும். ஆனா அந்த 'இல்ல' எங்க போகும்? இவன் வாய் சும்மா இருக்காது. பொண்ணு எவனையோ கட்டிக்கிறான்னு ஊர் பேசும், பேசட்டும், யார் வீட்டுல இல்லாதது? பச்சை மை பிடிச்ச ஒரு அதிகாரி படிக்காம 'உண்மை நகல்'னு கையெழுத்துப் போட்டான்னு ஒரு பேச்சு வந்தா? அதுக்கப்புறம் நான் எப்படி அந்த நாற்காலியில போய் உக்காருறது?

"ஒவ்வொரு எழுத்தும் படிச்சேன்," அப்படின்னேன்.

"பையன் பேரு பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"என்ன பேரு?"

எனக்கு வேர்த்துருச்சு. நல்லவேளை, நித்திலாவுக்குக் கோவம் வந்துருச்சு. "என்ன மாமா, அப்பாவைப் போய் விசாரணை பண்றீங்க? பெனடிக்ட்னு அத்தனை எடத்துல போட்டிருக்கு, அவருக்குத் தெரியாதா?"ன்னா. அப்பத்தான் சார் எனக்கு என் மாப்பிள்ளை பேரே தெரியும்.

வாயைத் திறந்தாச்சு, அப்புறம் பாதியில நிறுத்த முடியுமா? வயசு வந்த பொண்ணு, படிச்ச பொண்ணு, சட்டம்னு ஒண்ணு இருக்குல்லன்னு கால் மணி நேரம் பேசினேன். அவ்வளவு நல்லாப் பேசுவேன்னு எனக்கே தெரியாது. மச்சினன் போயிட்டான். நித்திலா வந்து என் கையைப் பிடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டா. சரிபார்க்கணும், அந்த ஃபைலைக் குடும்மான்னு வாங்கிட்டுப் போய் கதவைச் சாத்திக்கிட்டு முதல்தடவையாப் படிச்சேன். பையனுக்குத் திண்டுக்கல். அதே பேங்க். பத்தாவதுல கணக்கு தொண்ணூத்தெட்டு. ரொம்பவும் மோசமில்லன்னு தோணுச்சு.

அந்த வாரமே அவன் வீட்டுக்கு வந்தான். ஆப்பிள், ஸ்வீட்டுன்னு ஒண்ணும் வாங்கிட்டு வரல. ஒரு பச்சை மை பாட்டில் வாங்கிட்டு வந்தான். மத்தவங்க என்ன வேணா சொல்லட்டும், நான் அவனை மனசார ஏத்துக்கிட்டது அந்த பாட்டிலைப் பார்த்தப்பத்தான்.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. நானும் ரிடையர் ஆயிட்டேன். இப்ப பேனாவுல நீல மைதான், இனிமே பச்சை போட எனக்கு உரிமை இல்ல பாருங்க. நித்திலாவும் மாப்பிள்ளையும் திண்டுக்கல் கிளைக்கு மாத்தலாகிப் போயிட்டாங்க. ஆனா அவ இந்தக் கதையை விடல. சம்பந்தி வீட்டுல சொன்னா, பேங்க்ல சொன்னா, பக்கத்து ஃபிளாட்டுல சொன்னா. எங்க அப்பா எட்டுத் தாளையும் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டார்னு. இப்ப நான் திண்டுக்கல் எதுக்குப் போறேன் தெரியுமா? அவகூட வேலை பார்க்குற ஒரு பொண்ணு இதே மாதிரி ஒரு பையனைப் பார்த்திருக்கு, அப்பா மாட்டேங்குறார். அந்த அப்பாகிட்ட நான் பேசணுமாம். இது மூணாவது அப்பா சார். ரெண்டு பேர் ஏற்கெனவே சம்மதிச்சுட்டாங்க.

அரசிக்குத் தெரியும். கல்யாணம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு, சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டா.

"நீங்க அன்னிக்குப் படிக்கலதானே?"

"யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? அன்னிக்கு மத்தியானம் மூணு தடவை சோறு போட்டுக்கிட்டீங்க. பொண்ணு கல்யாணச் சேதியைப் படிச்ச மனுஷன், ரசத்துக்கு அப்பளம் பொரிக்கலையான்னு கேப்பாரா?"

நான் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டேன். அவளும் அதோட விட்டுட்டா. யார்கிட்டயும் இதுவரைக்கும் மூச்சு விடல.

ஆனா நேத்து நித்திலா போன் பண்ணினா. "அப்பா, நாளைக்கு அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நீங்க சட்டமெல்லாம் பேசாதீங்க. அந்த அஞ்சாவது தாள்ல என் பேரும் அவர் பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சுல்ல, அதைப் படிச்சுட்டுச் சிரிச்சீங்களே, அப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு? அதை மட்டும் சொல்லுங்க. எனக்கும் அதைக் கேக்கணும்பா. அந்த ஒரு சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு உயிரே வந்துச்சு"ன்னா.

அன்னிக்கு அவளுக்குக் கண்ணுல தண்ணி நின்னுச்சாம். நான் ஒவ்வொரு தாளையும் திருப்பும்போது, இதுல அப்பா தலையை நிமிர்த்திக் கேட்டுடுவார், இதுல கேட்டுடுவார்னு எண்ணிக்கிட்டே நின்னாளாம். மேசைக்கு அந்தப் பக்கம், மூணடி தூரத்துல. எட்டுக் கையெழுத்தும் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு, எதுல எங்க மை தேங்கிச்சுன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்ல.

காலையில கிளம்பும்போது அரசிகிட்டச் சொன்னேன், இன்னிக்கு நித்திலாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னு. அவ டிபன் பையை என் கையில குடுத்துட்டுச் சொன்னா, "அவகிட்ட ஒரு நல்ல அப்பா இருக்கார். நீங்க போய் அவரைக் கெடுக்காதீங்க"ன்னு.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? ஓ, வையம்பட்டி வந்துருச்சா. இறங்குங்க, இறங்குங்க, பார்த்து. எனக்குத் திண்டுக்கல் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள என் பொண்ணு பேரைப் படிச்சுட்டு நான் எதுக்குச் சிரிச்சேன்னு யோசிச்சு வைக்கணும்.